ரக்பியில் எனக்கு இரண்டு வருடத் தடை

1

ரக்பி லீக் ஆட்டத்திலிருந்து இரண்டு வருடங்களுக்குத் தடை செய்யப்பட்ட ஆள் நான். தடை செய்யப்பட்ட மாத்திரையை உட்கொண்டது முதல் குற்றம். கேட்டபோது அப்படி எதுவும் இல்லை என்று சாதித்தது இரண்டாவது. அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்பது. ரக்பிப் பந்தை அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் கையால் தொட்டிருந்தேன், அதுவும் காலடியில் உருண்டு வந்ததை எடுத்து உரியவரிடம் கொடுப்பதற்காக. மாத்திரை எதற்கு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட அது மேல். தலைமுடி வளர்வதற்கு.

என் பெயர் கேசவன். கேசம் உடையவன் என்று பொருள். பெற்றவர்கள் நம்பிக்கையோடுதான் வைத்திருக்கிறார்கள்.

குடியாத்தத்தில் நாம் படித்த பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு, வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் அனுபவம் எழுதவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தோஹாவிலிருந்து ஒருவர், சிங்கப்பூரிலிருந்து ஒருவர், கூடவே நானும் எழுதுகிறேன் என்று சொன்னதும், மலர்க்குழுவில் இருக்கும் பழைய நண்பன் போனிலேயே சிரித்தான்.

"பெங்களூரு எப்போடா வெளிநாடாச்சு? காலைல இட்லி சாப்ட்டு ரயில் ஏறினா மத்தியானச் சோத்துக்கு வந்துடலாம்."

பாஸ்போர்ட் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறு பாஷை, வேறு தண்ணீர், வேறு வானிலை. நாம் பள்ளிக்கு அனுப்பும் பிள்ளை வேறு பிள்ளையாகத் திரும்பி வருகிறது. வெளிநாட்டுக்கு இதைவிட என்ன இலக்கணம்? இந்த ஆனியோடு நான் இங்கே வந்து பதினைந்து வருடம். பதினைந்து வருடமாகக் கன்னடம் பேசுகிறேன். நான் வாயைத் திறந்ததும் ஆட்டோக்காரர் தமிழில்தான் பதில் சொல்கிறார்.

2

பெங்களூருத் தமிழர்கள் முதன்முதலாகச் சந்தித்தால் ஊர் கேட்பார்கள், அடுத்ததாகத் தண்ணீர் கேட்பார்கள். "உங்க ஏரியால காவேரியா, போரா?" காவேரி என்றால் பெருமூச்சு விடுவார்கள். போர் என்றால் கேட்டவரின் பார்வை மெல்ல மேலே ஏறி நம் நெற்றியைத் தாண்டி நிற்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் முடி கொட்டும் என்பது இங்கே குடியேறிய எல்லோருக்கும் பொதுவான மதம். சாதி, கட்சி எதிலும் ஒன்றுசேராத நம் ஆட்கள் இதில் மட்டும் ஒன்று.

நான் இருக்கும் லிங்கராஜபுரத்தில் போர் தண்ணீர்தான். வந்த புதிதில் வாடகை வீட்டு வாளியில் முதல் நாள் குளித்தபோதே சோப்பு நுரைக்கவில்லை. அன்றைக்கே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். என் அப்பா, சித்தப்பா, தாய்மாமன் மூவரும் குடியாத்தத்தை விட்டு நகராமல் நாற்பது வயதுக்குள் வழுக்கையானவர்கள் என்பதை நான் எந்த இடத்திலும் குறிப்பிடவில்லை.

பத்து வருடம் தேங்காய் எண்ணெய், கரிசலாங்கண்ணி, சின்ன வெங்காயச் சாறு. வெங்காயச் சாற்றோடு பஸ்ஸில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் என்பதைத் தவிர வேறு பலன் தெரியவில்லை. பிறகு ஒருநாள் எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்காரர், நான் தலைவலி மாத்திரை வாங்கப் போனபோது, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, உள்ளுக்குச் சாப்பிடும் மாத்திரை ஒன்று இருக்கிறது என்றார். அன்றிலிருந்து தினம் காலையில் ஒன்று. ஆறு மாதத்தில் உச்சியில் ஒரு சாம்பல் நிறப் படலம் தெரிந்தது. நான் மட்டும், இரண்டு கண்ணாடி வைத்து, ஜன்னலோரம் நின்று பார்த்தால் தெரியும்.

மூன்றாவது மாதமே ஷேவிங் பெட்டியில் ஒளித்துவைத்த அட்டையை வசந்தா எடுத்துவிட்டாள். வசந்தா என் மனைவி. பதறாத மனுஷி. அவள் பதறி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்னங்க இது? என்ன உடம்புக்கு?"

முடிக்கு என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் என் வாய் தானாக, "பிரஷர்" என்றது.

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? எங்கள் இரு குடும்பத்துக்கும் நான்தான் அரை டாக்டர். பழைய தொழிற்சாலை விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு, குடியாத்தத்தில் பாஸ் பண்ணிய ஹையர் டைப்ரைட்டிங்கை நம்பி மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். எங்கோ அமெரிக்காவில் டாக்டர் பேசியதைக் காதில் கேட்டு இங்கே டைப் அடிக்கிற வேலை. அதன் பிறகு சொந்தக்காரர்கள் மூட்டு வலி, மூச்சிரைப்பு எதுவானாலும் எனக்குத்தான் போன் செய்வார்கள். நானும் கூச்சமில்லாமல் பதில் சொல்வேன்.

அன்று மாலையிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலில் உப்பு நின்றது.

உப்பில்லாத புளிக்குழம்பு என்பது என்னவென்று சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும். ஊரிலிருந்து மாமியார் அனுப்பிய ஆவக்காய் ஜாடி மாடிவீட்டுக்குப் போனது. அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஒவ்வொன்றாக விடைபெற்றன. விடிந்ததும் வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு, அதன்மேல் வாழைத்தண்டுச் சாறு. மகள் பவித்ராவுக்கு மட்டும் தட்டோரத்தில் தனியாக உப்பு விழும். அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நான் சாப்பிடுவேன். ஒருமுறை வசந்தா வற்புறுத்தி கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். பிரஷர் இருபது வயதுப் பையனுக்கு இருப்பதுபோல இருந்தது.

"பாத்தீங்களா, உப்ப நிறுத்தினதும் எப்படி அடங்கிடுச்சு" என்றாள். அன்றிலிருந்து வெண்ணெயும் நின்றது.

3

இப்போது ரக்பி எப்படி உள்ளே வந்தது என்று சொல்லவேண்டும்.

எங்கள் கம்பெனிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வேலை கிடைத்தது. அங்கே ரக்பி லீக் என்று ஓர் ஆட்டம் உண்டு, காசுக்கு ஆடுகிறவர்கள். அதில் ஊக்கமருந்து போட்டு மாட்டிக்கொள்கிறவர்களை உட்காரவைத்து விசாரிப்பார்கள். அந்த விசாரணை ஒலிப்பதிவை நாங்கள் டைப் அடித்து அனுப்பவேண்டும். பெயர்களை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குரல்களாக அனுப்புவார்கள். அவர்கள் நேரத்துக்கு ஈடு கொடுக்க, சேவல் கூவும் முன்பே வேன் வந்து தெருவில் ஹாரன் அடிக்கும். மதியச் சாப்பாட்டுக்கு, அதாவது உப்பில்லாத சாப்பாட்டுக்கு, வீடு திரும்பிவிடலாம்.

ஆட்டத்தைப் பார்க்காமலேயே அதன் குற்றவாளிகள் எல்லோரையும் எனக்குத் தெரிந்துவிட்டது. யாரோ குளிர்பானத்தில் கலந்துவிட்டார்கள் என்பார் ஒருவர். மாமியார் கொடுத்த இருமல் மருந்து என்பார் இன்னொருவர். ஜிம்மில் பவுடர் வாங்கினேன், டப்பாவில் மாட்டுப் படம் மட்டும்தான் இருந்தது என்பார் மற்றொருவர். குடியாத்தத்தில் வீட்டுப்பாடம் செய்யாததற்கு நாம் சொன்ன காரணங்கள் இவற்றைவிடத் தரமானவை. எல்லாருக்கும் ஒரே பதில்தான். உடம்புக்குள் எது போயிருந்தாலும் உடம்புக்காரனே பொறுப்பு. யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, தெரிந்தா தெரியாமலா என்பதெல்லாம் பிறகு.

இந்த விதி எனக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. வீட்டிலும் அமல்படுத்தினேன். பவித்ராவின் பைக்குள் சாக்லேட் காகிதம் இருந்தால், அது கூடப் படிக்கும் ரம்யா போட்டது என்று அவள் சொல்லிப் பயனில்லை. "உன் பைக்குள்ள இருந்தா நீதான் பொறுப்பு." அவளுக்குப் பதினான்கு வயது. தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், காசு வேண்டும்போது மட்டும் தமிழ். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சும்னிருப்பா" என்று கன்னடத்தில் சொல்லிப் போவாள். சும்மா இரு என்று அர்த்தம்.

விசாரணையில் கேள்வி கேட்கிறவரின் குரல் எனக்கு அத்துப்படி. அவர் பெயர் பிரெட் என்று பிற்பாடு தெரிந்தது. தானே முன்னாள் ஆட்டக்காரர். சாதாரணக் கேள்விகளைச் சாதாரணமாகக் கேட்பார். ஆளைச் சாய்க்கப் போகும் கேள்விக்குமுன் மட்டும் சின்னதாக ஓர் இருமல். அந்த இருமல் காதில் விழுந்தால் நான் டைப் அடிக்கும் விரலை நிறுத்தி, எதிரே இருப்பவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டுத் தொடர்வேன்.

4

ஒருநாள் வந்த பதிவில் ஓரத்தில் ஓடி ஆடுகிற ஒரு வீரர். நல்ல ஆட்டக்காரர் என்று எதிர்த்தரப்பே சொன்னது. அவர் உடம்பில் அகப்பட்டது ஊக்கமருந்து இல்லை. வேறு ஊக்கமருந்து இருந்தால் அதைச் சோதனையில் தெரியாமல் மறைக்கக்கூடிய ஒன்று என்பதால், சமீபத்தில்தான் பட்டியலில் ஏறிய ஒரு மாத்திரை. அதன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார்கள். நான் எழுத்தெழுத்தாக டைப் அடித்தேன். நான்காவது எழுத்துக்குப் பிறகு மீதி எனக்கே தெரிந்திருந்தது. அன்று காலை அதே பெயரைத்தான் தண்ணீரோடு விழுங்கியிருந்தேன்.

முடிக்காகச் சாப்பிட்டேன் என்றார் வீரர். சோதனைக்கு முன்னால் மருந்து ஏதும் உண்டா என்று கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். கூட இருந்த ஆட்டக்காரர்கள் காதில் விழும், அவர்கள் மூலம் வீட்டில் மனைவிக்குத் தெரிந்துவிடும் என்றுதான் சொல்லவில்லை என்றார்.

பிரெட் இருமினார். உயரமும் எடையும் கேட்டார். வீரர் சொன்னார். இத்தனை பெரிய ஆள் நான்கு முடிக்கு வெட்கப்பட்டுப் பொய் சொன்னார் என்று எங்களை நம்பச் சொல்கிறீர்களா என்றார் பிரெட். பதிவில் பலர் சிரிக்கும் சத்தம். எங்கள் வேலையில் அதற்கும் ஒரு முறை உண்டு. அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்று போடவேண்டும். போட்டேன்.

அவருக்கு இரண்டு வருடம். முப்பது தாண்டியவருக்கு இரண்டு வருடம் என்றால் ஆட்டம் முடிந்தது என்றே அர்த்தம். அவர் சொன்னதை நம்பிய ஒரே ஆள் உலகத்தில் நான்தான். நான் டைப்பிஸ்ட். நம்புகிறேன் என்று போட அடைப்புக்குறி கிடையாது.

மாத்திரையை அன்றே விட்டிருக்கலாம். விட்டால் வந்த முடியும் போய்விடும் என்று மெடிக்கல் ஷாப்காரர் எச்சரித்திருந்தார். மேலும், தடை பந்து தூக்குகிறவர்களுக்கு, டைப் அடிக்கிறவர்களுக்கு இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

5

அந்தக் குளிர்காலத்தில் பிரெட் பெங்களூருக்கே வந்தார். எங்கள் வேலையைப் பார்வையிட. கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, வெயிலுக்குச் சிவந்த கழுத்து, தலையில் ஒரு தொப்பி. குரல்தான் பழக்கம், உருவம் புதிது. நான் கைகுலுக்கியபோது எனக்கு ஏதோ பழைய வாத்தியாரைப் பார்த்ததுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சந்தாபுரா தாண்டி, ஆனேக்கல் போகிற வழியில் ஒரு தோட்டத்தில் குடும்ப விழா. ஊழியர்கள், மனைவி மக்கள், பிஸிபேளாபாத். எங்களுக்கு ஆட்டத்தைக் காட்டுகிறேன் என்று பந்தை எடுத்து வந்திருந்தார் பிரெட். முன்னேறுவதற்காக ஓடவேண்டும், ஆனால் பந்தைப் பின்னால்தான் எறியவேண்டும். ஆறு தடவை நம்மைச் சாய்த்துவிட்டால் பந்தை எதிரியிடம் ஒப்படைத்துவிடவேண்டும். அரசாங்க ஆபீசில் ஃபைல் நகர்வதைப் பார்த்தவனுக்குச் சட்டென்று புரியும் விளையாட்டு.

சாப்பாட்டுப் பந்தியில் வசந்தா முன்கூட்டியே போய்ப் பரிமாறுகிறவரிடம், என்னைச் சுட்டிக்காட்டி, "அவ்ரிகெ உப்பு பேடா, ஹப்பளா பேடா" என்று, உப்பும் அப்பளமும் வேண்டாமென்று, சொல்லிவிட்டு வந்தாள். கன்னடம் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும்.

சாப்பாட்டுக்கு முன்னால், நீங்கள் தினமும் டைப் அடிக்கும் சோதனை எப்படி நடக்கிறது என்று காட்டுகிறேன், ஒருவர் முன்வாருங்கள் என்றார் பிரெட். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எங்கள் மேலாளர் மஞ்சுநாத் என் முதுகில் கைவைத்து மேடைக்கு அனுப்பினார். "நம்ம கேசவன் சார் இருக்காரே. ரூல்ஸ் பூரா அவருக்கு பாய்பாட்டம், மனப்பாடம்."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மேசையில் மூடி முத்திரையிட்ட மூன்று பெட்டிகள், எனக்குப் பிடித்ததை நானே தேர்ந்தெடுக்கலாம். சோதனை முடியும்வரை கண்ணைவிட்டு அகலாமல் கூடவே ஒருவர் நிற்கவேண்டும். அந்தப் பதவி மஞ்சுநாத்துக்கு. கழிப்பறைக்கட்டம் வரும்போது நிறுத்திக்கொள்வோம் என்று பிரெட் சொன்னதும் குழந்தைகள் ஏமாற்றமடைந்தன. பெயர், வயது எல்லாம் கேட்டார். சொன்னேன். கூட்டம் ரசித்தது. எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்து காலைக்கூட நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு பிரெட் இருமினார்.

நீட்டிய காலை மடக்கிக்கொண்டேன். கடந்த ஏழு நாளில் ஏதாவது மருந்து, மாத்திரை, டானிக் என்று கேட்டார். இந்த இடத்தில் பொய் சொல்லி உருப்பட்டவர் ஒருவரும் இல்லை என்று இந்தியாவிலேயே எனக்குத்தான் அதிகம் தெரியும். அத்தனையும் என் விரலால் அடித்தது. மூன்றாவது வரிசையில் வசந்தா. அவள் பக்கத்தில் பவித்ரா.

"எதுவும் இல்லை" என்றேன்.

"ஏங்க" என்று மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்தது. வசந்தா எழுந்துவிட்டாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். "காலைல போடற மாத்திரைய சொல்லலையே நீங்க. மறந்துட்டீங்களா?"

மஞ்சுநாத் விருந்தாளிக்கு மரியாதையாக அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். நான் கையால் உட்கார் உட்கார் என்று சைகை செய்தேன். அவள் அதை அழைப்பதாக எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். வந்தவள் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். வெளியே போகிற இடத்தில் எனக்கு மயக்கம் கியக்கம் வந்தால் ஆகுமென்று எந்நேரமும் பையில் வைத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

பிரெட் மூக்குக்கண்ணாடியைப் போட்டு அட்டையைப் படித்தார். கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். என் தலையை ஒரு கணம், ஒரே கணம், பார்த்தார். பிறகு அந்தப் பெரிய உள்ளங்கையை அட்டைமேல் கவிழ்த்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, உங்கள் மனைவிக்குத் தெரியுமா என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனார் என்று இன்றும் நினைக்கிறேன். அதற்குள் அம்மாவைத் தேடி வந்த பவித்ரா அவர் முழங்கைக்குக் கீழே நின்றுகொண்டு, தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள். இது பிரஷர் மாத்திரைதானே?

வாழ்நாள் பூராவும் அடுத்தவரை உண்மை சொல்லச் சொன்ன மனிதர். சின்னப் பெண்ணிடம் பொய் சொல்ல வரவில்லை.

இல்லை கண்ணு, முடிக்கு என்றார்.

கூட்டத்துக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் பிடித்தது. பிறகு அடைப்புக்குறிக்குள் சிரிப்பு. மஞ்சுநாத் என்னைக் கண்காணிக்கும் கடமையையும் விட்டுவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூட்டம் அடங்க, பிரெட் எழுந்து நின்று, சடங்குபோல, கேசவன் ஆகிய எனக்கு ரக்பி லீக்கிலிருந்து இரண்டு வருடத் தடை என்று அறிவித்தார். கைதட்டல்.

வசந்தா சிரிக்கவில்லை. கைக்குட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

பந்தியில் பிரெட் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். ஓரத்தில் ஓடுகிற அந்த வீரரைப் பற்றி அவரேதான் ஆரம்பித்தார். அவன் சொன்னதை நான் நம்பவில்லை, இன்றுதான் நம்புகிறேன் என்றார். அப்படியானால் தடையை நீக்குவீர்களா என்று கேட்டேன். அதெப்படி, விதி விதிதானே என்றார். கொஞ்ச நேரம் பிஸிபேளாபாத்தைக் கிளறிவிட்டு, ஆனால் அன்றைக்கு நான் சிரிக்க வைத்திருக்கவேண்டாம், ஊருக்குப் போனதும் அவனுக்குப் போன் செய்வேன் என்றார். தொப்பியைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்தார். என்னைவிட மோசம்.

6

அந்த வாரம் முழுவதும் வசந்தா என்னிடம் பேசியதெல்லாம் பவித்ரா மூலமாக. "உங்கப்பாவ சாப்பிட வரச்சொல்லு." குழம்பில் உப்பு திரும்பி வந்திருந்தது. கணக்காக, ருசியாக. எனக்குத்தான் இறங்கவில்லை.

சனிக்கிழமை பவித்ரா தட்டோரத்தில் ஒரு வாரமாக உப்புக்குவியல் இல்லாததைச் சொல்லி, இனி எல்லாருக்கும் ஒரே குழம்பா என்று கேட்டாள். அப்போதுதான் வசந்தா வாய் திறந்தாள்.

"ஒன்றரை வருஷமா நானும்தான உப்பில்லாம தின்னேன்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கரண்டியைப் பார்த்துச் சொன்னாள். "இவரு ஆசையா பாத்துக்கினு இருப்பாரேன்னு."

நான் கவனிக்கவே இல்லை. மகளின் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். முடி கொட்டுவது அவளுக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்ததாகச் சொன்னேன். அது உண்மையும்கூட.

"பொண்ணு பாக்க வந்தப்பவே உங்களுக்கு நெத்தி இங்க வரைக்கும் இருந்துச்சு" என்று தன் தலையில் கைவைத்துக் காட்டினாள். "எங்கக்கா சொல்லிச் சிரிச்சா. நான்தான் சரின்னேன். முடி போறத நான் பாக்கலியா? இப்ப எனக்கு அதில்ல கவலை. நாளைக்கு நீங்க நெஞ்சு வலின்னு உக்காந்தா, அது நெஞ்சுதானா வேற எதுவானு நான் எப்படிங்க நம்பறது?"

நான் டைப் அடித்த எத்தனையோ விசாரணையில் பிரெட் இருமிவிட்டுக் கேட்ட எந்தக் கேள்வியும் இதற்குப் பக்கத்தில் வராது. இவள் இருமக்கூட இல்லை.

சாப்பிட்டு எழும்போது இன்னொன்றும் சொன்னாள். என் பிரஷர் அடங்கினால் திருத்தணியில் எனக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாளாம். கிளினிக்கில் பிரஷர் சரியாக இருந்த அன்றே நிறைவேற்றியிருக்கவேண்டும், ஆடிக்கிருத்திகைக்காகத் தள்ளிப் போட்டிருந்தாளாம்.

இல்லாத நோய்க்கு வேண்டுதல் செல்லாது என்று வாதாடிப் பார்த்தேன். பிரஷர் சரியாகத்தானே இருக்கிறது, சாமி தன் பங்கை ஒழுங்காகச் செய்துவிட்டது என்றாள் வசந்தா. மேல்முறையீட்டுக்காக மகள் பக்கம் திரும்பினேன்.

"உடம்புக்குள்ள எது போனாலும் உடம்புக்காரன்தான் பொறுப்புன்னு நீதானப்பா சொல்வ" என்றாள் பவித்ரா. சுத்தமான தமிழில், காசு எதுவும் கேட்காமல்.

7

ஆடிவரை காத்திருக்கவில்லை, மறு மாதமே திருத்தணிக்கு மூன்று பேரும் போனோம். பஸ்ஸில் வசந்தா பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலை நேராக என்னிடமே நீட்டினாள். நடுவில் பவித்ரா இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்து ஞாயிறுக்குப் பிறகு வசந்தா சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். நகைச்சுவையாகப் பேசுகிறவன் என்று வெளியில் பெயர், வீட்டில் செல்லவில்லை.

முடிக்காணிக்கை மண்டபத்தில் டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்தேன். எதிரே நாவிதர்கள் வரிசையாக, அவரவர் இடத்தில் அவரவர் சொம்புத் தண்ணீரோடு. என் முறை வந்தது. எனக்கு வாய்த்தவர் ஐம்பது வயதுக்காரர், வேலையில் வேகம். டோக்கனை வாங்கி இடுப்பில் செருகி, தலையைக் குனியச் சொல்லித் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தார். கிட்டத்தட்ட இரண்டு வருட மாத்திரையின் பலன் முழுவதும் அவர் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது. எனக்கே கொஞ்சம் துக்கமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

தேய்த்த கை நின்றது. இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த டோக்கனை எடுத்து என்னிடமே நீட்டினார்.

"இன்னா சார், பாதி மொட்டையில எயுந்து வந்துக்கிற. எந்த ஆளுகிட்ட உக்காந்த? மீதியும் அவன்தான் எடுக்கணும், அதான் இங்க வழக்கம்."

எனக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் வசந்தா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பவித்ராவின் தோளில் சாய்ந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடைப்புக்குறிக்குள் அடங்காத சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, டோக்கனை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப அவரிடம் கொடுத்தாள்.

"இல்லீங்கண்ணா, அது முழுசுதான். மாத்திரை போட்டு வளத்தது."